இரண்டு ஊர், ஒரு அணை: நிலமும் வெள்ளையர் ஆட்சியும் ஒரு வட்டாரத்தை எப்படி ஆக்கின என்று கண்டறியும் முறை

மதுரையிலிருந்து வடகிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் மேலூர். மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உசிலம்பட்டி. இரண்டு வட்டாரத்திலும் கள்ளர் சமூகத்தார் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். இரண்டும் மழை குறைந்த பூமிதான். ஆனால் 1920களில் மேலூர்ப் பக்கம் பெரியாறு அணையின் கால்வாய்த் தண்ணீரில் நெல் விளைந்துகொண்டிருந்தபோது, உசிலம்பட்டிப் பக்கம், ஒரு சமூகத்தையே பிறப்பால் குற்றவாளி என்று எழுதிய குற்றப்பரம்பரைச் சட்டப்படி கைரேகை பதிந்த ஆண்கள் இருட்டியதும் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய் ஆஜராக வேண்டியிருந்தது.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் இரண்டு ஆயத்த விடைகள் கிடைக்கும். ஒன்று, 'அந்த மண் அப்படி'. மற்றொன்று, 'எல்லாம் வெள்ளைக்காரன் செய்த வேலை'. இரண்டும் தேடலை ஆரம்பத்திலேயே நிறுத்திவிடும். மேடு பள்ளம் தண்ணீரை எங்கே போகவிடும் என்பதை நிலம் தீர்மானிக்கிறது. அந்தத் தண்ணீரில் யாருக்குப் பங்கு, யாரிடம் வரி, யார் மேல் வழக்கு என்பதை ஆட்சி தீர்மானிக்கிறது. இரண்டையும் தனித்தனியாக அளந்து, பிறகு ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால்தான் ஊரின் கதை விளங்கும். அதற்கான வேலைமுறை இது. எடுத்துக்காட்டு மதுரை மாவட்டம். முறை எந்த வட்டாரத்துக்கும் பொருந்தும்.

ஊரைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு ஊரை மட்டும் எடுத்தால் எதையும் நிரூபிக்க முடியாது. குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கூடுமானவரை ஒத்திருக்க வேண்டும். தண்ணீரின் விளைவைப் பார்க்க வேண்டுமா? இரண்டும் ரயத்துவாரி ஊர்களாக (விவசாயியே சர்க்காருக்கு நேரடியாக வரி கட்டிய ஊர்களாக) இருக்கட்டும்; ஒன்றுக்குக் கால்வாய் வந்திருக்க வேண்டும், மற்றதற்கு வந்திருக்கக் கூடாது. வரிமுறையின் விளைவைப் பார்க்க வேண்டுமா? ஒரே மண், ஒரே மழை உள்ள இடத்தில் ஜமீன் எல்லை எங்கே ஓடியது என்று கண்டுபிடித்து, எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர் எடுங்கள்.

இங்கேதான் முதல் தவறு நேர்கிறது. உசிலம்பட்டியைச் சுற்றித் தொட்டப்பநாயக்கனூர், உத்தப்பநாயக்கனூர் என்று பழைய பாளையங்கள் ஜமீன்களாகத் தொடர்ந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து மேலூரின் ரயத்துவாரி ஊரோடு ஒப்பிட்டால், வித்தியாசம் தண்ணீரால் வந்ததா ஜமீனால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. ஊர்ப் பெயரை முடிவு செய்யும் முன் அது 1948க்கு முன்பு எந்த வகை ஊராக இருந்தது என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: 'ஊர்' என்பது எது? வருவாய்க் கிராமம் ஒன்று. அதற்குள் உட்கடைக் கிராமங்கள் பல. ஆவணங்கள் எல்லாம் வருவாய்க் கிராமத்தின் பெயரில்தான் இருக்கும். மக்கள் சொல்வது உட்கடைப் பெயராக இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருவாய்க் கிராமத்தின் பெயர், எண், வட்டம் மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு மேலே போங்கள்.

நிலத்தை அளத்தல்

முதலில் நில வரைபடம். இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் 1:50,000 அளவுள்ள தாள்களைப் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். பழைய எண் முறைப்படி மேலூர் 58 ஜே/8 தாளிலும், மதுரை நகரம் 58 கே/1 தாளிலும், உசிலம்பட்டி 58 ஜி/13 தாளிலும் வரும். ஒவ்வொரு தாளும் 15 கலை அகலம், 15 கலை நீளம் (ஒரு பாகைக்கு 60 கலை). புதிய வரிசையில் எண் மாறியிருக்கும். ஆனால் பழைய அறிக்கைகளும் நூலகப் பட்டியல்களும் பழைய எண்ணையே சொல்லும் என்பதால் இரண்டையும் குறித்துவையுங்கள்.

தாளில் நான்கு நிறப் பென்சிலால் நான்கு வேலை:

நீலம்: ஆறு, ஓடை, கால்வாய், கண்மாய். கண்மாயின் கரை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பாருங்கள். கரை எப்போதும் பள்ளத்துப் பக்கம் இருக்கும். ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீர் பாயும் வயல்கள், அதற்குக் கீழே. ஒரு கண்மாயின் கலுங்கில் வழியும் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். சங்கிலியில் உங்கள் ஊர் தலையில் இருக்கிறதா, கடைமடையிலா என்று எண்ணி எழுதுங்கள்.

பழுப்பு: சமவுயரக் கோடுகள். இரண்டு கோடுகளுக்கு நடுவே 20 மீட்டர் உயர வித்தியாசம். ஆற்றங்கரையிலிருந்து ஊர் வரை எத்தனை கோடு ஏறுகிறது, எத்தனை இறங்குகிறது என்று எண்ணுங்கள். 10 கிலோமீட்டரில் ஒரு கோடு இறங்கினால் கிலோமீட்டருக்கு 2 மீட்டர் சரிவு. தண்ணீர் தானாக ஓடும். நடுவே ஒரு மலைவரிசை குறுக்கிட்டால், அந்தக் காலத்துப் பொறியாளர் கால்வாயை அந்தப் பக்கம் திருப்பியிருக்க மாட்டார்.

சிவப்பு: ரயில் பாதை, நெடுஞ்சாலை, கணவாய். பச்சை: காடு, மேய்ச்சல் நிலம்.

மதுரைத் தாள்களை ஒட்டி வைத்தால் படம் தெளிவாகும். வைகை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது. வைகையின் பேரணை என்ற தடுப்பணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் ஆற்றின் இடக்கரையில், அதாவது வடபுறத்தில், மேலூரை நோக்கிப் போகிறது. உசிலம்பட்டி ஆற்றுக்குத் தென்மேற்கே, நாகமலைத் தொடருக்கு அப்பால் கிடக்கிறது. நிலம் போட்ட கோடு இவ்வளவுதான். இதற்கு மேல் எதையும் நிலத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்து மழை. மதுரையின் ஆண்டு சராசரி சுமார் 850 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடும். பழைய அறிக்கைகள் அங்குலத்தில் தரும், 25.4 ஆல் பெருக்குங்கள். சராசரி மட்டும் போதாது. எந்த மாதத்தில் பெய்கிறது, பத்தாண்டில் எத்தனை ஆண்டு பொய்க்கிறது என்ற இரண்டு எண்ணும்தான் கண்மாய்ப் பாசனக்காரரின் வாழ்க்கையைச் சொல்லும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தேக்கடிப் பக்கம் இதைவிட இரு மடங்குக்கும் மேல் பெய்து, பெரியாற்றில் ஓடி அரபிக்கடலில் விழுந்தது. அந்த ஆற்றை மறித்துச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்புவதுதான் பெரியாறு திட்டம். 1876-78 பஞ்சம் அதற்கு உந்துதல். 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை. பொறியாளர் பென்னிகுவிக் மேற்பார்வையில் கட்டி முடிந்து 1895இல் தண்ணீர் வந்தது.

மண் வகைக்குத் தனியாக அலைய வேண்டாம். அது வரிப் பதிவேட்டிலேயே இருக்கிறது.

வரிப் பதிவேட்டைப் படித்தல்

'அ' பதிவேடுதான் இந்த வேலையின் நெஞ்சு. புல எண், உட்பிரிவு, பழைய புல எண், ரயத்துவாரியா இனாமா (கோயிலுக்கோ சேவைக்கோ மானியமாகக் கொடுத்த நிலமா), நன்செய்யா புன்செய்யா, பாசன ஆதாரம், இருபோகமா, மண் வயனமும் ரகமும், மண் தரம், தீர்வை வீதம், பரப்பு, பட்டாதாரர் பெயர், குறிப்பு என்று பத்திகள் போகும். ஒரு புல எண்ணுக்கான பகுதியை அரசின் இணையச் சேவையில் பார்க்கலாம். முழுப் பதிவேட்டுக்கு வட்டாட்சியர் அலுவலகம் போக வேண்டும். கிராம வரைபடத்தைச் சென்னை சேப்பாக்கத்திலுள்ள மத்திய நில அளவை அலுவலகத்தில் கேளுங்கள். வாங்கியதும் ஓரத்தில் அச்சிட்ட அளவுகோலைச் சரிபாருங்கள். நகல் எடுக்கும்போது படம் சுருங்கியிருந்தால் அளவு பிழையாகும்.

பதிவேட்டிலிருந்து நான்கு எண்களைக் கணக்கிட வேண்டும்.

முதலாவது, நன்செய் விகிதம். வரி விதிக்கத்தக்க நிலம் 1,200 ஏக்கரில் நன்செய் 300 என்றால் 25 சதவீதம். இதை இன்றைய பதிவேட்டில் மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. கால்வாய் வருவதற்கு முந்தைய ஒரு வரித்திட்டப் பதிவேட்டிலும், வந்த பின்னான மறுவரித்திட்டப் பதிவேட்டிலும் பார்த்து ஒப்பிடுங்கள். புன்செய்யாக இருந்த எந்தெந்தப் புல எண் நன்செய்யாக மாறியது என்பதைக் கிராம வரைபடத்தில் வண்ணம் தீட்டினால், தண்ணீர் யார் வயலோடு நின்றது என்று கண்ணால் பார்க்கலாம்.

இரண்டாவது, தீர்வை வீதம். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பைசா என்ற பழைய கணக்கு. கூட்டும்போது எல்லாவற்றையும் பைசாவாக்கி (ரூபாய்க்கு 192) கூட்டிவிட்டுத் திரும்ப மாற்றுங்கள். நேரடியாகப் பதின்மத்தில் எழுதினால் மொத்தமும் தப்பாகும்.

மூன்றாவது, தீர்வை ஜாஸ்தியும் பசலி ஜாஸ்தியும். புன்செய்யில் சர்க்கார் தண்ணீர் பாய்ச்சினால் வசூலித்தது முன்னது. ஒருபோக நன்செய்யில் இரண்டாம் போகம் எடுத்தால் வசூலித்தது பின்னது. ஜமாபந்திக் கணக்கில் (ஆண்டுதோறும் நடக்கும் கிராம வரிக்கணக்குத் தணிக்கையில்) இந்த இரண்டும் எந்தப் பசலியில், அதாவது எந்த வருவாய் ஆண்டில், எகிறுகின்றன என்று பார்த்தால், தண்ணீர் உண்மையில் எந்த ஆண்டு வந்து சேர்ந்தது என்று தெரியும். திறப்பு விழாத் தேதியும் தண்ணீர் வந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

நான்காவது, நிலம் யார் கையில். பட்டாக்களைப் பரப்பு வாரியாக அடுக்கி, மேலே உள்ள பத்தில் ஒரு பங்குப் பட்டாதாரர் எவ்வளவு நிலம் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். கூட்டுப் பட்டாவை ஒரே ஆளாக எண்ணிவிடக் கூடாது. 1979 முதல் 1987 வரை நடந்த பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல பெயர்கள் மாறியும் விடுபட்டும் போயின. அதனால் இன்றைய பெயரை வைத்து நூறாண்டுக்கு முந்தைய உடைமையை ஊகிக்காதீர்கள். 'பழைய புல எண்' பத்தியின் வழியாகப் பின்னோக்கிப் போங்கள்.

அளவைகள் குழப்பும். ஒரு ஏக்கர் 100 சென்ட். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர்; ஒரு காணி 1.32 ஏக்கர், தஞ்சையின் ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி ஜூலை முதல் ஜூன் வரை. பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை, பஞ்சத்தின் உச்சம். அந்தப் பசலியின் வரித் தள்ளுபடியையும் தரிசு போட்ட பரப்பையும் முன்பின் ஐந்து பசலிகளோடு வைத்துப் பார்த்தால், உங்கள் ஊர் எவ்வளவு அடிபட்டது என்பது ஒரே பார்வையில் தெரியும்.

ஜமீன் ஊரென்றால் வேறு வழி. பாராமகாலில் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) 1792 முதல் ரீடு, மன்றோ என்ற வெள்ளை அதிகாரிகள் விவசாயியிடம் நேரடியாக வரி பிரித்து வளர்த்த ரயத்துவாரிக்குத்தான் புலம் புலமாக அளந்த பதிவேடு உண்டு. ராமநாதபுரம், சிவகங்கை போன்ற ஜமீன்களோடு சர்க்கார் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நிரந்தரத் தொகை பேசி முடித்துவிட்டது. ஊருக்குள் யார் எவ்வளவு கொடுத்தார் என்பது ஜமீன்தார் பாடு. அந்த ஊர்களின் முறையான பதிவேடுகள் பெரும்பாலும் 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகானவை. அதற்கு முந்தைய 'அ' பதிவேடு வேண்டும் என்று அலுவலகம் அலுவலகமாக அலைவது வீண். ஜமீன் கணக்குகளையும் நீதிமன்ற வழக்குக் கட்டுகளையும்தான் தேட வேண்டும். இனாம் நிலமென்றால் 1858இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேட்டைக் கேளுங்கள். யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, அப்போது யார் அனுபவித்தது என்பதை அது சொல்லும். கோயில், சத்திரம், ஊர்த்தொழில் ஆகியவற்றின் பழைய ஏற்பாடு தெரிய அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

பதிவேட்டில் பலரும் புரட்டிவிட்டுப் போகிற பகுதி புறம்போக்கு. நத்தம், மேய்க்கால், கண்மாய், வண்டிப்பாதை, களம், மயானம் ஆகியவற்றை வரைபடத்தில் குறியுங்கள். ஊர் நத்தம் எங்கே, சேரி நத்தம் எங்கே, நடுவே எவ்வளவு தூரம், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் பள்ளம் யாருக்கு ஒதுங்கியது என்று பாருங்கள். குறிப்புப் பத்தியில் பஞ்சமி நிலம் என்பதற்கான குறிப்பு இருக்கிறதா என்றும் தேடுங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையை அடுத்து, 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலங்கள் அவை. ஒப்படைத்தபோது ஒரு பெயர், இன்று வேறு பெயர் என்றால், அந்த மாற்றத்தை அப்படியே பதிவு செய்யுங்கள். இந்தப் பக்கத்தைத் தவிர்த்துவிட்டு எழுதிய ஊர் வரலாறு பாதி வரலாறுதான்.

அச்சான அறிக்கைகளும் எழும்பூரும்

மாவட்டக் கையேடுகளும் விவரச்சுவடிகளும் (கெசட்டியர்) தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல கிடைக்கின்றன. மதுரைக்கு 1868இல் ஒன்றும் 1906இல் ஒன்றும் வெளிவந்தன. இடையில் 38 ஆண்டு. அதற்குள் பஞ்சம், ரயில், பெரியாறு மூன்றும் நடந்தன. ஒரே வட்டத்தைப் பற்றிய பகுதியை இரண்டிலும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படியுங்கள்.

தேடும்போது ஊர்ப்பெயரை வெள்ளை அதிகாரிகள் எழுதியபடி தேட வேண்டும். மதுரை 'மதுரா', திருநெல்வேலி 'டின்னவெல்லி', தஞ்சாவூர் 'டாஞ்சோர்', ராமநாதபுரம் 'ராம்நாட்'. சிற்றூர்ப் பெயர்களில் ழகர, ளகர, றகரக் குழப்பம் உண்டு. குறைந்தது நான்கு எழுத்துக்கூட்டல்களை முயலுங்கள்.

இந்த நூல்களில் இரண்டு வகைப் பேச்சு கலந்திருக்கும். கால்வாயின் நீளம், வரித்தொகை, மழையளவு ஒரு வகை. அதை மற்ற ஆவணத்தோடு சரிபார்த்து ஏற்கலாம். 'இந்தச் சாதியார் இயல்பிலேயே திருடர்', 'அந்தச் சாதியார் சாதுவானவர்' என்பது மற்றொரு வகை. அது ஊரைப் பற்றிய தகவலல்ல, எழுதிய அதிகாரியின் மனத்தைப் பற்றிய தகவல். உங்கள் குறிப்பேட்டில் இரண்டுக்கும் இரண்டு தனிப் பக்கம் ஒதுக்குங்கள். கலந்தால் பிறகு பிரிக்க முடியாது.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் அறிமுகக் கடிதம், அடையாள அட்டை, தலைப்பும் ஆண்டு வரம்பும் எழுதிய விண்ணப்பம் ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். 'உசிலம்பட்டி வரலாறு வேண்டும்' என்று கேட்டால் ஒன்றும் வராது. அங்கே எல்லாம் துறை, அரசாணை எண், தேதி என்ற வரிசையில்தான் அடுக்கியிருக்கிறது. முதல் நாள் முழுவதையும் ஆண்டுவாரி அட்டவணைகளுக்குக் கொடுத்து, எண்ணும் தேதியும் குறித்துக்கொண்டு, இரண்டாம் நாள் கட்டுகளைக் கேளுங்கள். வருவாய் வாரிய நடவடிக்கைகள் நிலத்துக்கும், பொதுப்பணித் துறைக் கட்டுகள் கால்வாய்க்கும், நீதித் துறைக் கட்டுகள் காவலுக்கும் குற்றப்பரம்பரைச் சட்டத்துக்கும்.

மக்கள்தொகைக் கணக்கு 1871 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை உண்டு. மதராஸ் மாகாணம் முழுவதும் 1871இல் சுமார் 3.12 கோடி, 1881இல் சுமார் 3.08 கோடி. பத்தாண்டில் கூட வேண்டிய தொகை குறைந்திருக்கிறது என்பதுதான் பஞ்சத்தின் அளவு. இதையே உங்கள் வட்டத்துக்குப் பாருங்கள். ஆனால் மாவட்ட எல்லை மாறியிருப்பதை மறக்காதீர்கள். 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது மதுரையிலிருந்து ஒரு பகுதி போனது. 1985இல் திண்டுக்கல்லும், 1990களில் தேனியும் பிரிந்தன. மாவட்ட எண்களை நேரடியாக ஒப்பிட்டால் நடக்காத வீழ்ச்சியைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். வட்ட அளவில், முடிந்தால் கிராம அளவில் இறங்குங்கள்.

தேதிகளை வரிசைப்படுத்துதல்

ஒரு நீளத் தாளை எடுத்து இடமிருந்து வலமாகக் கோடு போடுங்கள். மேலே நிலமும் நீரும்; கீழே ஆட்சியும் சட்டமும். மதுரைக்கு அது ஏறக்குறைய இப்படி வரும்.

1755: கர்னல் ஹெரானின் படை திருமோகூர்ப் பக்கத்துக் கோவிலிலிருந்து சிலைகளை எடுத்துச் சென்றது, திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் அதை மறித்துத் தாக்கினர். கணவாய் குறுகியது, இருபுறமும் காடு. ஊரின் நிலமறிந்தவருக்கு அது கோட்டை. 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனும், 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். பாளையங்களின் படைபலம் முடிந்தது. 1859: மாவட்டப் போலீஸ் சட்டம். அதுவரை ஊர்கள் காவல்கூலி கொடுத்துக் கள்ளரை வைத்திருந்த ஏற்பாடு, சர்க்கார் பார்வையில் மிரட்டிப் பணம் பறிப்பதாக ஆனது. 1875-76: ரயில் மதுரை வழியாகத் தூத்துக்குடி சேர்ந்தது. 1876-78: பஞ்சம். 1895: பெரியாறு தண்ணீர். 1896: திண்டுக்கல் பகுதியில் கள்ளர் காவலுக்கு எதிரான இயக்கம். 1911: குற்றப்பரம்பரைச் சட்டம் மதராஸ் மாகாணத்துக்கும் விரிந்தது. 1914: கீழக்குயில்குடிக் கள்ளர் மேல் அது பாய்ந்தது, அடுத்த சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் (உசிலம்பட்டிப் பக்கம் வாழும் கள்ளர் பிரிவினர்) பலர் மேலும். 1920 ஏப்ரல் 3: கைரேகை கொடுக்க மறுத்த, உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு, மாயக்காள் உள்ளிட்டோர் உயிர் துறந்தனர். 1947: சட்டம் நீங்கியது.

இப்போது வழக்கமான விளக்கத்தைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். 'மேலூருக்குத் தண்ணீர் வந்தது, கலப்பை பிடித்தார்கள். உசிலம்பட்டிக்கு வரவில்லை, களவுக்குப் போனார்கள், ஆகவே சட்டம் வந்தது' என்பார்கள். தேதிகள் இதற்கு முழுதும் இடம் கொடுக்கவில்லை. காவல்கூலி என்ற வருமானம் பறிபோனது தண்ணீர்ப் பிரச்சினைக்கு முந்தியது. சட்டமோ தண்ணீர் மறுபக்கம் போய் ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து வந்தது. நடுவே பஞ்சம், போலீஸ், கடன், அண்டைச் சாதிகளின் எதிர்ப்பு எல்லாம் இருக்கின்றன. வறட்சி ஒரு காரணம்தான். ஒரு சமூகம் முழுவதையும் பிறப்பால் குற்றவாளி என்று எழுதியது வறட்சி அல்ல, ஒரு சட்டம். அதை மழைக் கணக்கில் எழுதுவது அநியாயம்.

போனவர்களைத் தேடுதல்

வானம் பார்த்த பூமியின் இன்னொரு கணக்கு ஊரை விட்டுப் போனவர்களிடம் இருக்கிறது. ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்து மக்கள் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்) வழியாக இலங்கையின் காபித் தோட்டங்களுக்கும், 1869இல் இலைநோய் தாக்கிக் காபி அழிந்த பின் தேயிலைத் தோட்டங்களுக்கும் போனார்கள். தஞ்சைப் பக்கத்தவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்குக்குப் போனார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று வழி சுருங்கியது. ஒரு ஊர் எந்தச் சீமைக்குப் போனது என்பது பெரும்பாலும் எந்தத் துறைமுகத்துக்கு எந்தச் சாலை இருந்தது என்பதைப் பொறுத்தது.

மக்கள்தொகைக் கணக்கில் ஆண்-பெண் விகிதத்தைப் பாருங்கள். ஆயிரம் பெண்களுக்கு ஆண்கள் தொகை ஒரு பத்தாண்டில் சட்டென்று குறைந்தால், ஆண்கள் வெளியேறியிருக்கலாம். ஆனால் குடும்பமாகப் போன இடங்களில் இந்தச் சோதனை ஏமாற்றும். ஊரில் கேட்பதுதான் வழி. 'இலங்கை' என்று கேட்பதைவிடக் 'கண்டிச்சீமைக்கு யார் வீட்டில் போனார்கள்' என்று கேட்டால் பெரியவர்களுக்கு நினைவு வரும்.

கரையில் நடத்தல்

ஆவண வேலை முடிந்த பின்னரே ஊருக்குப் போங்கள். என்ன கேட்பது என்று அப்போதுதான் தெரியும். ஒரு ஊருக்கு நான்கு முழு நாள் வையுங்கள், ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை. தண்ணீர் இருக்கும்போது பங்கீடும், இல்லாதபோது கண்மாய்க்குள் யார் உழுகிறார் என்பதும் தெரியும்.

கண்மாய்க் கரையில் தலை மடையிலிருந்து கடைமடை வரை நடங்கள். ஒவ்வொரு மடையிலும் கைபேசியில் இடக்குறியீடு எடுத்து, கீழே உள்ள முதல் பத்து வயல்களின் புல எண்களைக் கிராம வரைபடத்தில் சரிபாருங்கள். நீர்பாய்ச்சியை (வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊர் ஆளை) கண்டுபிடித்துப் பேசுங்கள். முறை யாரிடம் தொடங்குகிறது, வறட்சியில் யாருக்கு முதலில் நிறுத்துகிறார்கள், மராமத்துக்கு வீட்டுக்கு எத்தனை ஆள் என்பதை அவரைவிடத் தெளிவாகச் சொல்பவர் இல்லை. குடிமராமத்து (ஊரார் கூடிக் கண்மாயைப் பராமரிப்பது) ஏன் நின்றது என்று கேட்டால் 'சர்க்கார் எடுத்துக்கொண்டது' என்று ஒரே வரியில் விடை வரும். 1858இலேயே மராமத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் போட வேண்டிவந்தது என்பதை நினைவில் வைத்து, எந்த ஆண்டுவரை ஆள் போனது, யார் போகவில்லை என்று மேலும் கேளுங்கள். இன்று 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் பொதுப்பணித் துறையின் வழிவந்த நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். எது யாருடையது என்று தெரிந்தால் அதன் கணக்கு எங்கே இருக்கும் என்றும் தெரியும்.

உசிலம்பட்டிப் பக்கம் 'குற்றப்பரம்பரை' என்ற சொல்லை நீங்களாக எடுக்காதீர்கள். 'ரேகைச் சட்டம்' என்றுதான் வீடுகளில் சொல்வார்கள். வெளியூர் போக வாங்கிய ராதாரிச் சீட்டைப் பற்றிப் பாட்டன் சொல்லக் கேட்டவர்கள் இருப்பார்கள். அந்தக் காலத்தில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அவற்றின் சேர்க்கைப் பதிவேடு கிடைத்தால் எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டு முதல் குழந்தைகள் வந்தார்கள் என்று பார்க்கலாம். உயிரோடு இருப்பவர் பெயரையும், பட்டாதாரர் பெயரையும் எழுத்தில் வெளியிடாதீர்கள். புல எண் போதும்.

நாலு கட்டச் சோதனை

சேர்த்ததையெல்லாம் கடைசியில் ஒரு கட்டத்தில் போடுங்கள். மேலே தண்ணீர் வந்தது, வரவில்லை. பக்கவாட்டில் சட்டம் பாய்ந்தது, பாயவில்லை. நான்கு கட்டம். மேலூர் ஆயக்கட்டு ஊர் ஒன்றும் உசிலம்பட்டி ஊர் ஒன்றும் இரண்டு கட்டங்களை நிரப்பும். மீதி இரண்டும் காலியாக இருக்கும்வரை உங்கள் முடிவு ஊகம்தான்.

மூன்றாவது கட்டத்துக்கு மேலூர் வட்டத்திலேயே பெரியாறு ஆயக்கட்டுக்கு வெளியே மேட்டில் நிற்கும் ஒரு கண்மாய்ப் பாசன ஊரை எடுங்கள். ஆயக்கட்டு வரைபடத்தில் கால்வாயின் மேட்டுப் பக்கம் இருக்கும் ஊர்கள் அவை. சட்டத்தின் கீழ் அறிவித்த ஊர்ப் பட்டியலில் அந்த ஊர் இல்லை என்பதை அரசாணையில் உறுதி செய்யுங்கள். நான்காவது கட்டத்துக்குக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஓடும் அந்தப் பள்ளத்தாக்கிலும் பிரமலைக் கள்ளர் வாழும் ஊர்கள் உண்டு. அறிவிக்கப்பட்ட ஊர் ஒன்றைப் பட்டியலிலிருந்து தேர்ந்து, நன்செய் விகிதம், பட்டா அடுக்கு, பள்ளிச் சேர்க்கை, வெளியேற்றம் என்ற நான்கு எண்களையும் முதல் ஊருக்குச் செய்தது போலவே எடுங்கள். வயலில் நெல்லும் சாவடியில் ரேகையும் ஒன்றாக இருந்த ஊர் அது. அந்த நான்கு எண்கள் மேலூரை ஒத்திருக்கின்றனவா, உசிலம்பட்டியை ஒத்திருக்கின்றனவா என்பதைப் பார்த்த பிறகே முதல் வாக்கியத்தை எழுத உட்காருங்கள்.